படகை வேய்வதும் பொதிவதும் ஒன்றல்ல

(சற்றே நீண்ட பதிவு. கேரளத்தில் படகு வைத்திருப்போரும், படகு வீட்டில் தங்கச் செல்வோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை அடைந்ததும் காயல் ஓரங்களில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். சிறு வள்ளங்கள் கரையேற்றப்பட்டு, நீலத் தார்ப்பாயால் தலைமுதல் கால்வரை இறுகக் கட்டப்படுகின்றன. பயணிகள் குறையும் காலமாதலால் படகு வீடுகள் பல, கதவும் சன்னலும் அடைத்துத் துறையில் வரிசையாக நிற்கின்றன. ஜூன் 10 முதல் ஜூலை 31 வரையிலான 52 நாள் இழுவைமடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளும் துறைமுகத்தில் ஒடுங்கிவிடுகின்றன. அவற்றின் அறைகளுக்குள் ஈர வலைகளும் கயிறுகளும் குவித்து வைக்கப்படுகின்றன. ஆகஸ்டில் இவற்றைத் திறக்கும்போது முதலில் எதிர்கொள்வது பூஞ்சண நாற்றம். மெத்தையில் கரும்புள்ளிகள், பலகையில் வெண்படலம், மூலைகளில் விரலால் அழுத்தினால் உள்வாங்கும் மரம். 'இந்த ஆண்டு மழை கூடுதல்' என்று சொல்லிவிட்டுப் பழுதுபார்க்கத் தொடங்குகிறார்கள்.

இப்பழியை மழையின் மேல் சுமத்துவது முறையன்று என்பதே என் கருத்து. பெரும்பாலான படகுகளைக் கெடுப்பது மழைக்கு அஞ்சி நாம் போடும் மூடி. மழை நுழையாதபடி மூடுகிறோம். அதே மூடியால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமலும் செய்துவிடுகிறோம்.

மொழியியல் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மேலே ஒன்றை இட்டு மறைப்பதற்குத் தமிழில் ஒரே வினை இல்லை. வேய்தல் வேறு, பொதிதல் வேறு. கூரையை வேய்கிறோம், சோற்றைப் பொதிகிறோம். வேய்ந்த கூரை நீரை வழியவிடும், காற்றைப் புகவிடும். பொதிந்த பொருள் எதையும் புகவிடாது, உள்ளிருப்பதையும் விடாது. மலையாளத்திலும் 'மேயுக', 'பொதியுக' என இவ்விரு வினைகளும் உண்டு. காயலில் இரு தலைமுறைக்கு முன்பு வரை படகுகள் வேயப்பட்டன, இன்று பொதியப்படுகின்றன. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

கெட்டுவள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டு என்பது கட்டு. ஆணியின்றி, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய வள்ளம் என்பது பொருள். கேரளத்தார் ஆஞ்ஞிலி என்று அழைக்கும் அயினி மரப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் இணைத்து, இடுக்குகளில் நார் அடைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வடிக்கும் எண்ணெயைப் பூசுவர். மேலே மூங்கில் வளைவுகள் நிறுத்தி, அவற்றின் மீது பனம்பு எனப்படும் மூங்கில் பாயும் ஓலையும் வேய்வர். இக்கூரைக்கு மலையாளத்தில் வளவர என்று பெயர். (தமிழில் வேய் என்பது மூங்கிலுக்கும் பெயர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

இந்த வள்ளங்கள் ஏற்றிச் சென்ற சரக்கு என்ன? குட்டநாட்டு நெல்லும் அரிசியும், மலைப்பகுதியின் வாசனைப் பொருள்களும். இவை யாவும் சிறிது ஈரம் பட்டாலும் பூசணம் பூக்கும் பண்டங்கள். அவற்றைப் பல நாள் நீரின் மேல் வைத்துக் கொண்டுசேர்க்க வேண்டியவர்கள் படகுக்கு எத்தகைய மூடி போட்டார்கள் என்பது நமக்குப் பாடமாக வேண்டும். முன்னும் பின்னும் திறந்த வளைகூரை. நம் ஊர்க் கூண்டு வண்டியின் அதே அமைப்பு. மழை வளைவில் வழிந்து இறங்கும். காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். பின்னல் இடுக்குகள் வழியே வெப்பமும் ஆவியும் கசியும். ஈரப்பதமானியோ மின்விசிறியோ இல்லாத காலத்தில் நெல்லைக் காத்தது இந்த அமைப்பு.

இனி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூடிய படகுக்குள் நீர் வருவதற்கு நான்கு வழிகள் உண்டு. மேலிருந்து மழை. கீழிருந்து தளப்பலகைக்கு அடியில் தேங்கும் நீர். சுற்றிலுமுள்ள காற்றிலிருந்து ஆவி. கடைசியாக, உள்ளே தங்கும் மனிதர். தார்ப்பாய் தடுப்பது முதல் வழியை மட்டுமே. மற்ற மூன்று வழியாகவும் வந்த ஈரத்தை அது சிறைப்பிடித்து வைக்கிறது.

வெயில் தலைகாட்டும் ஒரு மழைக்காலப் பகலில் தார்ப்பாய்க்கு உட்பட்ட காற்று வெளிக்காற்றைவிட மிகுதியாகச் சூடேறும். தளத்தின் அடியில் கிடக்கும் நீரும் மரத்தில் ஊறிய நீரும் ஆவியாகும். இரவில் மெல்லிய தார்ப்பாய் விரைவில் குளிரும். மேலெழுந்த ஆவி அதன் உட்பரப்பில் துளிகளாகப் படிந்து மீண்டும் பலகை மேலேயே சொட்டும். மறுநாளும் இதுவே நிகழும். வெளியே ஒரு துளி மழை பெய்யாத நாளிலும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும்.

'மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது காற்றோட்டத்தால் என்ன பயன்?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி; இதற்கு எண்களைக் கொண்டே விடை சொல்ல வேண்டும். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்கேற்ப ஈரத்தை ஏற்கும், இழக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடாக நீடித்தால், மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டில் நின்றுவிடும். காற்று நீராவியால் முற்றும் நிறைந்துவிட்டால் அது 28 முதல் 30 விழுக்காடு வரை ஏறும். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள் செழிப்பது இந்த மேல் எல்லையில்தான்; 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் மரம் மட்குவதில்லை என்பது மரத்தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை. ஆக, ஈரக்காற்றே ஆனாலும் ஓடும் காற்று மரத்தை 18-இல் நிறுத்துகிறது; அடைபட்ட காற்று 30-க்குத் தள்ளுகிறது. இவ்வேறுபாடு ஒரு படகின் ஆயுளைத் தீர்மானிக்கப் போதுமானது.

மேற்பரப்பில் படரும் பூஞ்சணமும் உள்ளே மரத்தைத் தின்னும் மட்கலும் வேறு வேறு என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். காற்று ஓடும் படகிலும், ஒப்பு ஈரப்பதம் 80-ஐத் தாண்டிய வாரங்களில், பலகை மேல் மெல்லிய படலம் தோன்றக்கூடும். அதைத் துடைத்துவிடலாம். மட்கிய மரத்தைத் துடைக்க முடியாது. வெட்டியெடுத்து வேறு பலகை பொருத்த வேண்டும். துணி, மெத்தை, தோல், தாள் ஆகியவற்றைக் காற்றோட்டத்தால் மட்டும் காக்க இயலாது. மழைக்காலம் முழுவதும் படகு நிற்கப்போகிறதெனில் அவற்றைக் கரைக்கு எடுத்துச் செல்வதே வழி.

படகு வீடுகளின் சிக்கல் இன்னும் கூர்மையானது. சரக்கேற்றுவது குறைந்து கெட்டுவள்ளங்கள் ஓய்ந்திருந்த நிலையில், 1990களில் அவை சுற்றுலாவுக்காக மாற்றி அமைக்கப்பட்டன. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் சரக்கு இருந்த இடத்தில் படுக்கையறை வந்தது. படுக்கையறைக்குச் சுவர், சுவருக்குள் ஒட்டுப்பலகை, அதற்குள் ஏசி. வெளித்தோற்றத்தில் பனம்பும் மூங்கிலும் அப்படியே இருக்கின்றன. உள்ளே இருப்பது அடைத்த பெட்டி. வேய்ந்த கூரையின் கீழ்ப் பொதிந்த அறை என்று இதைச் சொல்லலாம்.

பல படகு வீடுகளில் ஏசி இரவு மட்டுமே இயங்கும், காலையில் நிறுத்தப்படும். அந்நேரத்தில் சுவரும் மெத்தையும் 22 அல்லது 23 பாகை செல்சியசில் இருக்கும். வெளிக்காற்று 28 பாகையில், 85 விழுக்காடு ஈரப்பதத்துடன் இருப்பதாகக் கொள்வோம். அக்காற்று சுமார் 25 பாகைக்குக் கீழான எப்பரப்பைத் தொட்டாலும் தன் நீரை அங்கே விட்டுவிடும். விருந்தினர் புறப்பட்டதும் அறையைக் கூட்டுவதற்காகக் கதவைத் திறக்கிறார்கள். காயல் காற்று குளிர்ந்த அறைக்குள் புகுந்து சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகப் படிகிறது. பிறகு அடுத்த விருந்தினர் வரும்வரை கதவு அடைக்கப்படுகிறது. இம்மூன்று செயல்களும் நாள்தோறும் இதே வரிசையில் நடந்தால், அந்த அறை பூஞ்சணம் வளர்ப்பதற்கென்றே அமைத்த அறைபோல் ஆகிவிடும்.

இதற்கு விடை ஏசியைக் கழற்றி எறிவதன்று. நிறுத்தியபின் விசிறியை ஓடவிட்டு, அறைச்சுவர் வெளிவெப்பத்தை எட்டும்வரை பொறுத்து, பின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, பகல் முழுதும் திறந்தே வைக்க வேண்டும். மெத்தையைப் பலகையோடு ஒட்டிப் போடாமல் சட்டங்களின் மேல் இட வேண்டும். அடியில் காற்று நுழையாத மெத்தைதான் முதலில் பூக்கிறது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியிடுகிறார். இருவர் எட்டு மணிநேரம் உறங்கினால் அரை லிட்டருக்கும் மேல். அந்த நீர் எங்கே போகும் என்ற கேள்வியை அறையை வடிவமைக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

சிறு வள்ளங்களுக்கு வருகிறேன். செலவு குறைவாகவும் பலன் மிகுதியாகவும் உள்ள இடம் இதுவே. தார்ப்பாயை எறிய வேண்டியதில்லை. கட்டும் முறையை மாற்றினால் போதும். வள்ளத்தின் நெடுகிலும் நடுவே ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, அதன் இருபுறமும் தார்ப்பாயைச் சரிவாக இறக்க வேண்டும். விளிம்பு வள்ளத்தின் பக்கத்தைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். பக்கத்தோடு ஒட்டக்கூடாது, ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். அணியமும் அமரமும் திறந்திருக்க வேண்டும். சாரல் அடிக்கும் திசையில் மட்டும் ஒரு தட்டி சாய்த்து வைக்கலாம். தளப்பலகைகளை எடுத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கரையேற்றிய வள்ளத்தின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி, நீர் வடியும் துளை இருந்தால் திறந்துவிட வேண்டும். வள்ளத்தின் அடியும் மண்ணைத் தொடலாகாது. குறுக்குக் கட்டைகள் மேல் நிறுத்த வேண்டும். படகுப் போட்டிக்குரிய சுண்டன் வள்ளங்களை ஆண்டின் பெரும்பகுதி பாதுகாக்கும் வள்ளப்புரைகளை நோக்குங்கள். மேலே நல்ல கூரை. பல புரைகளில் பக்கங்கள் திறந்தே இருக்கும். ஊரே போற்றும் வள்ளத்தை எவரும் தார்ப்பாயில் சுருட்டி வைப்பதில்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்; ஏனெனில் அது இருவகையாகச் செயற்படுகிறது. மரத்தில் ஊறிய கடல்நீர் மட்கலைத் தடுக்கும். மரப்படகுகளைக் கெடுப்பதில் கடல்நீரைவிட மழைநீரே முந்தி நிற்பது அதனால்தான். ஆனால் அதே உப்பு துணியிலும் கயிற்றிலும் படிந்திருந்தால், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியவுடன் ஆவியை உறிஞ்சித் தானே நீராகும். எனவே கடலிலிருந்து வந்த கயிறும் வலையும் இருக்கையுறையும் எத்தனை நாள் கிடந்தாலும் உலரா. நன்னீரில் அலசி, காயவைத்து, அதன் பின்னரே உள்ளே வைக்க வேண்டும். தடைக்காலத்தில் விசைப்படகு அறைகளில் நேரும் நாற்றத்திற்குப் பாதிக் காரணம் அலசாத கயிறுகளே.

விசைப்படகின் மீன் அறைக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கழுவாமல், உலர்த்தாமல் மூடிவைத்த மீன் அறையில் நடப்பது பூஞ்சணத்தோடு முடிவதில்லை. மட்கும் மீன் கழிவு உயிர்வளியைக் குறைத்து நச்சு வாயுக்களை உண்டாக்கும். வாரக்கணக்கில் மூடிக்கிடந்த அறைக்குள் திறந்தவுடன் இறங்குவது உயிரையே பறிக்கக்கூடும். மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அதே கதிக்கு ஆளாவார். ஆகவே தடைக்காலம் தொடங்கும் நாளிலேயே அறையைக் கழுவி உலர்த்தி, மேலே ஒரு பந்தலிட்டு, மூடியைச் சிறிது திறந்தே வைக்க வேண்டும். மீண்டும் பயன்படுத்தும்போது நெடுநேரம் காற்றோடவிட்டு, மேலே துணைக்கு ஆள் நிற்க, அதன் பின்னரே இறங்க வேண்டும்.

கடைகளில் விற்கும் தீர்வுகளைப் பற்றிச் சில சொற்கள். கால்சியம் குளோரைடும் சிலிக்கா ஜெல்லும் ஈரம் உறிஞ்சும். ஆனால் அடைத்த சிறு பெட்டிக்குள் மட்டுமே. கருவிப்பெட்டிக்கும் உயிர்காப்புச் சாதனப் பெட்டிக்கும் அவை தகும். இடுக்குகள் நிறைந்த படகில் ஒரு டப்பியை வைப்பது காயலையே உலர்த்த முனைவதற்கு ஒப்பாகும். பிளீச்சிங் கரைசல் கறையை வெளுக்கும்; மரத்திற்குள் ஓடிய பூஞ்சையை எட்டாது. அதனோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அடைத்த படகறையில் அது பெரும் தீங்கு. சவர்க்கார நீரால் தேய்த்துத் துடைத்து உலரவிடுவதே பெரும்பாலும் போதுமானது. பழைய மரவள்ளத்தின் மேல் கண்ணாடியிழை உறை போடும் வழக்கமும் பரவியுள்ளது. நன்கு உலர்ந்து, பூஞ்சை தாக்காதபடி பதப்படுத்திய மரத்தின் மேல் அது பயன் தரலாம். ஈரம் ஊறிய மரத்தின் மேல் போட்டால் அதுவும் பொதிதலே. வெளியே பளபளப்பும் உள்ளே மட்கலும் மிஞ்சும்.

காற்றோட்டத்திற்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று: திருட்டு, கொசு, சாரல். திருட்டைத் தடுப்பது தார்ப்பாயன்று, பூட்டு; இயந்திரத்தையும் விலைமிகுந்த கருவிகளையும் கரைக்கு எடுத்துச் சென்றால் எஞ்சியதைத் திறந்து வைப்பதில் அச்சமில்லை. கொசுவுக்கு வலை உண்டு. கண்ணாடிச் சன்னலுக்குப் பதில் வலைச் சட்டம் பொருத்திய படகு வீடு பகலில் மூச்சுவிடும். சாரலுக்குச் சாய்தட்டி உண்டு. மும்முனைத் தாக்குதலுக்கும் விடையாகக் கதவையே அடைப்பது, தலைவலிக்குத் தலையை மூடிக்கொள்வது போன்றது.

இத்தனையும் மரத்தைக் காக்க மட்டுமா? இல்லை. விருந்தினர் ஓரிரவு தங்கிச் செல்வார். படகோட்டியும் சமையற்காரரும் அதே படகில் ஆண்டுமுழுதும் உறங்குகிறார்கள். அவர்களுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பின்புறத்துச் சிற்றிடம். சமையலின் ஆவி சேரும் இடம். பூஞ்சணத் துகள் ஒவ்வாமையையும் இளைப்பையும் தூண்டும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. விருந்தினர் நாற்றத்தைக் குறித்து ஒரு விமர்சனம் எழுதினால் அறைக்கு வாசனைத் தெளிப்பான் வருகிறது. தொழிலாளியின் இருமலுக்கு அதுவும் வருவதில்லை. எனவே காற்றோட்டம் என்பது பராமரிப்புக் குறிப்பு மட்டுமன்று, உழைப்போரின் நலம் பற்றிய கேள்வியும் ஆகும்.

என் முன்மொழிவு எளியது. படகு வீட்டின் ஒவ்வோர் அறையிலும், ஊழியர் உறங்கும் இடத்திலும், ஓர் ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி அது. அளவு 70-க்குக் கீழே எனில் நன்று. 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நிற்குமெனில் அறையின் அமைப்பில் பிழை உண்டு. படகுகளுக்குத் தரம் வழங்கும் அதிகாரிகள் கம்பளத்தையும் திரைச்சீலையையும் காண்பதோடு அந்த எண்ணையும் காணட்டும். தங்கச் செல்லும் நாமும், ஏசி உண்டா என்று கேட்பதற்கு முன், சன்னல்கள் எதிரெதிரே திறக்குமா என்று கேட்கலாம். நாம் கேட்கத் தொடங்கினால் உரிமையாளர்கள் மாற்றத் தொடங்குவார்கள்.

தமிழில் ஓதம் என்ற சொல்லுக்குக் கடற்பெருக்கு என்றும் பொருள் உண்டு, சுவரில் ஊறும் ஈரம் என்றும் பொருள் உண்டு. முன்னதைத் தாங்கவே படகு கட்டப்படுகிறது. பின்னது, மூடிய அறைக்குள் ஓசையின்றி ஊறி, அந்தப் படகையும் அதில் உறங்குபவரையும் கெடுக்கிறது. இந்த மழைக்காலத்தில் தார்ப்பாயைக் கட்டப்போகும் நண்பர்கள், அதன் இரு முனைகளையும் திறந்துவிட்டுக் கட்டுங்கள். ஆகஸ்டில் முடிவைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.